முன் சீட்டில் அத்தை

புறப்பட்டு ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இந்த ஒன்பது மணி நேரத்தில் அத்தை ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை.

இதையெல்லாம் கணக்கு வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் மூத்த மருமகள் கணக்கு வைத்திருந்தாள்.

வேன் மலை ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுவது இளையவள். அவளுக்குப் பக்கத்து சீட்டில் அத்தை. மூத்தவள் கடைசி வரிசையில், எல்லாருடைய பைகளுக்கும் நடுவில், தானும் ஒரு பையைப் போல உட்கார்ந்திருந்தாள்.

கடைத்தெருப் பெண்கள் வருடத்துக்கு ஒரு முறை ஷட்டரை இறக்கிவிட்டு எங்காவது போவார்கள். கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இடமில்லை. போன வருடம் வரை வாடகை வண்டி. அதன் டிரைவர், பெண்கள் வாய்விட்டுச் சிரித்தால் கண்ணாடியில் முறைப்பார். இந்த வருடம் அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிக்கடை வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சின்ன மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது அத்தை. மலைமேல் ஒரு பழைய நகரம். யாரோ பாறையை வெட்டிக் கட்டி, ஏனென்று தெரியாமல் விட்டுவிட்டுப் போனது.

“அவ்வளவு தூரமா? அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே” என்று தையல்காரி கேட்டபோது, “இல்லை, இந்த வருஷமே பார்த்துடணும்” என்று அத்தை முடித்துவிட்டார். கண்ணாடிக்கடை முதலாளியம்மா சொன்னால் தெருவில் மறுபேச்சு கிடையாது.

கடையில் அத்தைக்கு முன்பக்கம், மூத்தவளுக்குப் பின்பக்கம். அத்தை வாடிக்கையாளரை உட்காரவைத்து பிரேம் காட்டுவார். மூத்தவள் உள்ளறையில் கண் சோதித்து, லென்ஸ் தேய்த்து, பொருத்தி, வாசல் வழியாகக் கையை நீட்டுவாள். அத்தை வாங்கிக்கொள்வார். கூப்பிடுவது, ‘இந்தாங்க’ என்பது எதுவும் கிடையாது. பதினோரு வருடமாக இருவருக்கும் இடையில் நீட்டிய கை காத்திருந்ததே இல்லை.

சில மாதங்களாகக் காத்திருக்கிறது.

மூத்தவள் நீட்டுவாள். அத்தை வாங்கமாட்டார். நேரே தெருவைப் பார்த்தபடி இருப்பார். கடைசியில் பிரேமை மேஜைமேல் ‘டொக்’கென்று வைத்தால்தான் முகம் திரும்பும். அதே மாதங்களில்தான் அத்தையும் இளையவளும் வியாழக்கிழமை மதியங்களில் சேர்ந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். “சும்மா நடந்துட்டு வரோம்” என்பார்கள். போன வாரம் அவர்கள் வந்த பிறகு மூத்தவள் அந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு துளி மண்கூட இல்லை.

“எங்கம்மா யார்கூட நடந்தா உனக்கென்ன?” என்று கணவன் கேட்டான்.

“நடக்கலைங்கறதுதான் எனக்கு” என்றாள் மூத்தவள். அவனுக்குப் புரியவில்லை. அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“கண்ணாடி, தூங்கிட்டியா?” முன்வரிசையிலிருந்து தையல்காரி எட்டிப் பார்த்தாள். தெருவில் மூத்தவளுக்கு அதுதான் பெயர்.

“இல்லை.”

“முதலாளியம்மா முன் சீட்டுல ராணி மாதிரி போறாங்க. போன வருஷமெல்லாம் நீங்க ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள உட்கார்ந்து வந்தீங்க.”

“முன்னாடி ஆட்டம் குறைச்சல். இடுப்புக்கு நல்லது.”

“யார் இடுப்புக்கு? உன்கிட்ட சொன்னாங்களா?”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

பாதி மலையில் ஒரு டீக்கடை. கடைக்கு வெளியே பெஞ்சு. எதிரே பள்ளத்தாக்கு.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார். வலப்பக்கம் இளையவள் வந்து உட்கார்வதற்குள், மூத்தவள் இடப்பக்கத்தைப் பிடித்துவிட்டாள். பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்தாள். அத்தைக்கு நார் பிடிக்காது. ஒரு சுளையில் இருந்த வெள்ளை நாரையெல்லாம் நகத்தால் எடுத்து, விதையையும் எடுத்து, எப்போதும்போலப் பேசாமல் கையை நீட்டினாள்.

அத்தை பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

சுளை கையில் இருந்தது. மூத்தவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அத்தை இளையவள் பக்கம் திரும்பி, “அந்த முகடு தெரியுதா? அதுக்குப் பின்னாடிதான் இருக்கும்” என்றார்.

நீட்டிய கையை எப்படித் திரும்ப எடுப்பது என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. இதுவரை அவளுக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

“கண்ணாடி, அது எனக்கா?” தையல்காரி வந்து சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “நல்லா இனிக்குது. நாரெல்லாம் எடுத்திருக்கே. உன் கையால சாப்பிடக் குடுத்து வச்சிருக்கணும்.”

சலவைக்கடைக்காரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூத்தவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம்.

அந்த நேரத்தில் இளையவள் எழுந்து டீக்கடைக்குள் போனாள். கையில் ஒரு சிவப்பு பிளாஸ்க். வாய் அகலமான, குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிடும் வகை. காலையிலிருந்து அதை அவள் தன் சீட்டுக்குக் கீழேயே வைத்திருந்தாள். சலவைக்கடைக்காரி தண்ணீர் என்று நினைத்து எடுக்கப் போனபோது, “ஐயோ அதை வைங்கக்கா” என்று வாங்கிக்கொண்டாள். ‘அப்படி என்ன அமிர்தம்?’ என்று அப்போதே வண்டி முழுக்கச் சிரிப்பு.

மூத்தவள் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள். இளையவள் கடைக்காரரிடம் ஐஸ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தக் குளிர்ல யாருக்கு ஐஸ்?”

இளையவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிளாஸ்க் மூடியைத் திருகினாள். “அத்தைக்குக்கா.”

“அத்தைக்கு ஐஸ் ஆகாது. தொண்டை கட்டிக்கும்.”

“குடிக்கறதுக்கு இல்லக்கா.”

“பின்னே?”

“அது… அத்தை சொன்னாங்க.”

“அத்தை உன்கிட்ட நிறையச் சொல்றாங்க போல.”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“பரவாயில்லை, டிரைவரம்மா. வச்சுக்கோ. யார் வாயில விழுதோ விழட்டும்.”

*

இளையவளுக்கு மலைச்சாலை பயமில்லை. இரைந்து கத்தும் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு சந்துகளில் ஓட்டுகிறவளுக்கு வளைவு ஒரு பொருட்டில்லை. அவளுக்குப் பக்கத்து சீட்தான் கனத்தது.

“அவளுக்கு இந்த மாதிரி வளைவுல வயித்தைப் புரட்டும்” என்றார் அத்தை. “மெதுவாப் போ.”

‘அவள்’ என்றால் அக்கா. அதைச் சொல்லவே வேண்டாம்.

வியாழக்கிழமைகளிலும் இப்படித்தான். வண்டியில் ஏறியதும் ஆரம்பிக்கும். அவ லென்ஸ் தேய்ச்சா ஓரம் வெண்ணெய் மாதிரி இருக்கும். அவ வந்த அன்னிக்கு அடுப்பைக்கூடப் பார்க்கலை, கடை எங்கன்னுதான் கேட்டா. அவளுக்குக் கோபம் வந்தா மூக்கு நுனி சிவக்கும். போகும்போதும் அக்கா, வரும்போதும் அக்கா. நடுவில், அந்த நீளமான நடைவழியில் உட்கார்ந்து காத்திருக்கும்போது மட்டும் அத்தை பேசமாட்டார். இளையவளின் கையைப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் இளையவள் கேட்டேவிட்டாள்: “இவ்வளவு பிடிக்குதுல்ல, அக்காவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே அத்தை?”

“பிடிக்கறதாலதான் கூட்டிட்டு வரலை” என்றார் அத்தை. “நீ வாயைத் திறக்கக் கூடாது. உன்கிட்ட வாங்கின வாக்கு அது.”

அன்று இளையவள் வீட்டுக்கு வந்து அக்காவின் மூக்கு நுனியைப் பார்த்தாள். தன்னைப் பற்றி யாரும் இப்படிக் கவனித்துச் சொன்னதில்லை என்று தோன்றியது. அக்கா, “என்ன பார்க்கறே?” என்று எரிந்து விழுந்தாள். மூக்கு நுனி சிவந்தது.

தனக்குக் கிடைத்தது கை மட்டும். பேச்செல்லாம் அங்கே.

அவள் கியரை மாற்றினாள். கண்ணாடியில் கடைசி வரிசை தெரிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றில் கையை வைத்திருந்தாள்.

இளையவள் வேகத்தைக் குறைத்தாள்.

*

நகரத்துக்குக் கூரை இல்லை. சுவர்களும் வாசல்களும் மட்டும் மிச்சம். மலைச்சரிவில் படி படியாக இறங்கும் வீடுகள். ஒவ்வொரு வாசற்கல்லிலும் கதவின் முளை சுழன்று தேய்ந்த குழி. வீடுகளின் நடுவே பாறையில் வெட்டிய வாய்க்கால் ஒன்று, எல்லார் வீட்டுக்கும் பொதுவாக ஓடியிருக்கிறது. இப்போது அதில் பல்லிகள் வெயில் காய்ந்தன.

“பக்கத்து வீட்டுத் தண்ணி நம்ம வீட்டு வழியாப் போகும்னா தினம் சண்டைதான்” என்றாள் சலவைக்கடைக்காரி. “அதான் ஊரைக் காலி பண்ணியிருக்காங்க.”

அத்தை சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்தார். சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, தலையைத் திருப்பித் திருப்பி, பாடம் செய்கிறவர் போலப் பார்த்தார். ஒரு ஜன்னல் வழியாகத் தூரத்தில் பனி மூடிய முகடு தெரிந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“நல்லாயிருக்கு” என்றார். அவ்வளவுதான்.

படி இறங்கும் இடம் வந்தது. உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராத கற்கள். மூத்தவள் முந்திக்கொண்டு போய் இடப்பக்கம் நின்று கையை நீட்டினாள்.

அத்தை வலது கையை நீட்டி இளையவளின் தோளைப் பிடித்தார். காலால் துழாவித் துழாவி இறங்கினார். மூத்தவளின் நீட்டிய கைமேல் அத்தையின் முந்தானை உரசிக்கொண்டு போனது.

“முதலாளியம்மா ஏன் இப்படித் தடவித் தடவி இறங்கறாங்க?” தையல்காரி தாழ்ந்த குரலில் கேட்டாள். “கண்ணு சரியில்லையா?”

“கண்ணு பிரமாதம். நான்தானே பார்க்கறேன்.” மூத்தவளின் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. “போன தடவைகூடக் கடைசி வரியை மூச்சுவிடாமப் படிச்சாங்க. குமரிப் பொண்ணு கண்ணுன்னு சொன்னேன். வெட்கப்பட்டாங்க.”

“அப்ப என்ன?”

“தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கறதைக் காட்டணும்ல.”

சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள். தையல்காரிக்கு ஊசி கிடைத்தால் நூல் கோக்காமல் விடமாட்டாள்.

“நான் ஒண்ணு சொல்லவா? தெருவுல பேசிக்கறாங்க. சின்னவ கடைக்கே வந்துடப் போறாளாம்.”

“வேன் ஓட்டறவளுக்குக் கடையில என்ன வேலை?”

“அத்தை பக்கத்துல உட்கார்ற வேலைதான்.”

*

போட்டோ எடுக்கலாம் என்று ஆரம்பித்தது சலவைக்கடைக்காரி. முற்றம் போன்ற வெளியில் எல்லாரும் நின்றார்கள். ஒரு முகம் பாக்கியில்லாமல் கண்ணாடி. எல்லாம் மூத்தவள் சோதித்து, மூத்தவள் தேய்த்து, மூத்தவள் மாட்டிவிட்டவை.

அத்தையை நடுவில் நிறுத்தினார்கள். அத்தை வலக்கையால் இளையவளைச் சேர்த்து இழுத்துக்கொண்டார். “எல்லாரும் வந்தாச்சா? பெரியவ எங்கே?” என்றார்.

மூத்தவள் அவருடைய இடது தோளை ஒட்டி நின்றிருந்தாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இங்கதான் நிக்கிறேன் அத்தை.”

அத்தை முழுதாகத் திரும்பினார். “இங்கதான் இருக்கியா. சரி, நில்லு.”

“பக்கத்துல நிக்கிறவ கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?”

சிரிப்பு நின்றது. இளையவள், “அக்கா” என்றாள்.

“நீ பேசாதே. நான் அத்தைகிட்ட கேட்கறேன். ஆரஞ்சு நீட்டினா வாங்கறதில்லை. கை நீட்டினா பிடிக்கறதில்லை. கடையில மேஜையைத் தட்டினாத்தான் திரும்பறீங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“ஒரு தப்பும் பண்ணலைம்மா.”

“வியாழக்கிழமை எங்க போறீங்க? நடக்கலைன்னு எனக்குத் தெரியும்.”

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

“வீட்டுல பேசினா நடந்துட்டு வரோம்பீங்க. இங்கேயே சொல்லுங்க. எல்லாரும் கேட்கட்டும். தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்குது.”

“இவங்க முன்னாடி வேண்டாம்.” அத்தையின் குரல் கெஞ்சியது. அந்தக் குரலைத் தெருவில் யாரும் கேட்டதில்லை. “சொன்னாக் கேளு.”

“என் இடத்துக்கு ஆள் வந்தாச்சுன்னா சொல்லிடுங்க. நான் பின் சீட்டுலயே உட்கார்ந்துக்கறேன். எனக்கு அதுல வருத்தமில்லை.”

வருத்தமில்லை என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. அது அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானம் கோபமாயிற்று. இளையவளின் தோளில் தொங்கிய பையிலிருந்து சிவப்பு பிளாஸ்க்கை உருவினாள்.

“அக்கா, அதை விடுங்க.”

“எனக்கும் ஒரு வாய் குடு. அத்தைக்கு மட்டும் தர்ற அமிர்தம் எப்படித்தான் இருக்குன்னு பார்க்கறேன்.”

மூடியைத் திருகினாள். உள்ளே பாதி கரைந்த ஐஸ். அதற்குள் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு சொட்டு மருந்து பாட்டில்.

அவள் மருந்தின் பெயரைப் படிக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை. கண் ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டோடு கடைக்கு வருகிறவர்கள் சிலர், இதை ஐஸில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் போடுகிற மருந்து. வாழ்நாள் முழுக்கப் போடுகிற மருந்து.

சுவர்மேல் ஒரு பல்லி ஓடியது.

“யாருக்கு?” என்றாள். கேட்கும்போதே அத்தையின் எதிரே போய் நின்றாள். “அத்தை, என் மூக்கை மட்டும் பாருங்க. அசையக் கூடாது.”

“வேண்டாம்மா.”

“பாருங்க.”

அத்தை பார்த்தார். மூத்தவள் இரண்டு கைகளையும் அகல விரித்தாள். முதலில் இடக்கை விரலை ஆட்டினாள். “இது தெரியுது” என்றார் அத்தை உடனே. பிறகு வலக்கை விரலை, அத்தைக்கு இடப்பக்கமாக, ஆட்டினாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கையை உள்ளே கொண்டுவந்தாள். ஆட்டினாள். இன்னும் உள்ளே. விரல் அவளுடைய காதைத் தாண்டி, கன்னத்தருகே வந்த பிறகுதான், “இப்ப தெரியுது” என்றார் அத்தை.

மூத்தவளின் கை இறங்கவில்லை.

“இந்த விரல் வித்தை எனக்கு நீ பண்ணவே இல்லையே, கண்ணாடி” என்றாள் தையல்காரி. குரலில் கேலி இல்லை. அதனால்தான் அது எல்லாருக்கும் கேட்டது.

“எனக்கும்தான்” என்றாள் சலவைக்கடைக்காரி.

யாருக்குமே பண்ணியதில்லை. பக்கப் பார்வையைச் சோதிக்க இப்படிச் செய்யவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உள்ளறை அகலமில்லாதது. எழுத்துப் பலகையைத் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் படிக்கவைக்கிற அறை. கையை விரித்தால் இரண்டு பக்கமும் பிரேம் டப்பாக்கள் சரியும். முதல் வாரம் சரிந்தது. எடுத்து அடுக்கிவிட்டு, அன்றோடு அவள் கையை விரிப்பதை விட்டுவிட்டாள். அந்த அறையில் உட்கார்கிறவர்கள் நேரே மட்டும் பார்த்தார்கள். நேரே இருந்ததை எல்லாரும் படித்தார்கள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரி கண்ணாடியைக் கழற்றி, தலைப்பால் துடைத்து, திரும்ப மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அதான் இங்க வேண்டாம்னேன்” என்றார் அத்தை மெல்ல.

மூத்தவள் அத்தையின் வலப்பக்கம் வந்து நின்றாள். இளையவள் தன் இடத்தை விட்டு விலகினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் அவளை யாரும் பார்க்கவில்லை.

“எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் சொன்னாங்களா அத்தை?”

“அதை இப்ப எதுக்குக் கேட்கறே?”

“சொன்னாங்களா?”

“அக்கா, வேண்டாம்க்கா” என்றாள் இளையவள்.

“சொல்லுங்க அத்தை. என்கிட்ட சொல்லுங்க.”

அத்தை தேடி அவள் கையைப் பிடித்தார். பதினோரு வருடமாகப் பொருள்களை மட்டும் வாங்கிக்கொண்ட கை.

“ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சாம்” என்றார். “நீ கடைசி வரியைப் படிக்க வச்சு, குமரிப் பொண்ணு கண்ணுன்னு சொன்னியே, அன்னிக்கே இந்தப் பக்கம் பாதி போயிருந்துச்சாம்.”